நடந்து போகிற தூரத்தில் ஒரு கழகம்: தென்மேற்கு லண்டன் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

விம்பிள்டன், ரூட்டிங், மிச்சம், மோடன், கொலியர்ஸ் வூட் பகுதிகளில் வாழும் பெற்றோருக்கும், தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், ஊர் ஒன்றியங்களுக்கும்,

வணக்கம்.

2025 மே 26, திங்கட்கிழமை, வங்கி விடுமுறை. காலையில் ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நானும் மகளும், எங்களோடு இன்னும் நான்கைந்து தமிழர்களும். ஸ்டேஷன் முழுக்க நீலமும் மஞ்சளும். எஃப்ரா ரோட் பிள்ளையார் கோயிலுக்கு வேட்டி சால்வையோடு போய்க்கொண்டிருந்த ஒரு ஐயா கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன தம்பி, இன்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். "விம்பிள்டன் இன்டைக்கு வெம்ப்ளியில ஃபைனல் விளையாடுது ஐயா" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரென்னிஸ் ஜூன் கடைசியிலதானே தொடங்கும்?" என்றார்.

அவரில் ஒரு பிழையும் இல்லை. அந்த வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறவர். கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது, அது அன்றைக்கு இங்கிலாந்தின் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறப் போகிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாலு வருடமாக அந்த மைதானத்துக்குப் போய்வருகிற நாங்களே எங்கள் ஆட்களிடம் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

லீக் டூ என்கிற நான்காம் பிரிவில் 24 கழகங்கள். ஒவ்வொன்றும் 46 ஆட்டம் ஆட வேண்டும். முதல் மூன்று இடமும் நேரே மேலே போய்விடும். நான்கிலிருந்து ஏழு வரை வருகிறவர்கள் தங்களுக்குள் மோதி, வெம்ப்ளியில் வெல்கிற ஒரே ஒருவர் நான்காவதாக ஏறுவார். எங்கள் கழகமான ஏ.எவ்.சி. விம்பிள்டன் ஐந்தாவதாக வந்தது. அரையிறுதியில் நொட்ஸ் கவுண்டியை அங்கேயும் 1-0, இங்கேயும் 1-0 என்று வென்றோம். இறுதியில் எதிரில் நின்றது வோல்சோல். ஜனவரியில் அவர்கள் பட்டியலின் உச்சியில், வேறு எவரும் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தார்கள். பிறகு வழுக்கி வழுக்கி, சீசனின் கடைசி நாளில், கடைசி நிமிடங்களில், வேறொரு மைதானத்தில் விழுந்த கோலினால் நான்காம் இடத்துக்குப் போனவர்கள்.

முதல் பாதி முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது மைல்ஸ் ஹிப்போலைற் பந்தை வலைக்குள் சேர்த்தார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் அவர் முதுகில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதி முழுக்க மகள் என் மணிக்கட்டை விடவில்லை. அவளுடைய நக அடையாளம் அடுத்த நாளும் இருந்தது. 1-0. வேறு கோல் இல்லை. கடைசி விசில் ஊதியதும் அந்த முதியவர் திரும்பி என் மகளின் தலையில் கை வைத்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைப்பது போலவே வைத்தார்.

திரும்பி வருகிற வழியில் சிவப்புச் சட்டையோடு ஒரு வோல்சோல் தம்பதி எங்களுக்கு எதிரில் இருந்தார்கள். அந்த அம்மா அழுது முடித்த முகத்தோடு, "உங்கள் பிள்ளைக்கு இது முதல் வெம்ப்ளியா?" என்று கேட்டார். ஓம் என்றோம். "நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்" என்று மகளுக்குச் சொன்னார். தோற்று ஒரு மணி நேரம் ஆகவில்லை. நான் இந்த விளையாட்டை ஏன் விரும்புகிறேன் என்று யாராவது கேட்டால் அந்த அம்மாவைத்தான் சொல்வேன்.

சரி, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் லிவர்பூல், மிச்சம் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், செல்சி. அந்தக் கழகங்களைக் காதலிப்பதில் பிழை இல்லை. ஆனால் ரூட்டிங்கில் பிறந்த பிள்ளைக்கு அவை தொலைக்காட்சியில் வருகிற கழகங்கள். அவற்றின் மைதானத்துக்குள் கால் வைக்க ஒரு குடும்பம் ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்தாலும் ரிக்கெற் கிடைக்காது. விம்பிள்டன் ஆடுகிற பிளவ் லேன் மைதானத்துக்கு அதே பிள்ளை நடந்து போகலாம்.

ஆனால் கிட்ட இருக்கிறது, விலை குறைவு என்பதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. இந்தக் கழகத்தின் கதை எங்களுக்கு விளங்குகிற கதை. இந்த ஊரில் வேறு எவரையும் விட எங்களுக்குத்தான் அது விளங்கும் என்று நான் நம்புகிறேன்.

விம்பிள்டன் கழகம் 1889இல் தொடங்கியது. 1912இலிருந்து பிளவ் லேன் மைதானம் அவர்களுடைய வீடு. நீண்ட காலம் சின்ன லீக்குகளில் ஆடிய கழகம். 1977இல்தான் ஃபுட்போல் லீக் என்ற தேசிய லீக்குக்குள் எடுக்கப்பட்டார்கள். அங்கிருந்து ஒன்பதே வருடத்தில் முதல் பிரிவு. 1988 மே 14ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எவ்.ஏ. நடத்துகிற எவ்.ஏ. கிண்ண இறுதியில் அந்தக் காலத்து லிவர்பூலை 1-0 என்று வென்றார்கள். லோரி சாஞ்செஸ் தலையால் இடித்த கோல். ஜோன் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பெசன்ற் பாய்ந்து தடுத்தார். எவ்.ஏ. கிண்ண இறுதி ஒன்றில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று வருடம் கழித்து, 1991இல், பிளவ் லேனை விட்டு, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போனார்கள். கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் போனார்கள். ஆனால் அந்தக் கொஞ்சக் காலம் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. மைதானம் விற்கப்பட்டது. பிறகு உரிமையாளர்கள், தொண்ணூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற மில்ட்டன் கீன்ஸுக்குக் கழகத்தையே கொண்டுபோகக் கேட்டார்கள். ரசிகர்கள் எதிர்த்தார்கள். ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். 2002 மே 28ஆம் திகதி எவ்.ஏ. நியமித்த மூன்று பேர் கொண்ட குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விம்பிள்டனில் ரசிகர்கள் புதிதாக ஒரு கழகத்தை உயிர்ப்பிப்பது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தும் அந்த அறிக்கையிலேயே எழுதப்பட்டது.

இரண்டே நாளில் ரசிகர்கள் விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் கூடி, புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஜூன் 29ஆம் திகதி விம்பிள்டன் பொதுவெளியில், புல்வெளியில் வைத்து ஆட்டக்காரரைத் தேர்ந்தார்கள். யாரும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10ஆம் திகதி சட்டன் யுனைடெட்டோடு முதல் ஆட்டம். 4-0 என்று தோல்வி. அதைப் பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பிறந்தவன். 1990இல் எங்கள் கிராமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்கள் மைதானம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இடம்பெயர்ந்த இடத்தில், இன்னொரு ஊர்க்காரர் இரங்கித் தந்த பனங்காணிக்குப் பக்கத்துத் தரையில், எங்கள் அண்ணன்மார் மறுபடியும் கழகத்தைத் தொடங்கினார்கள். கோல் கம்பம் பூவரசந் தடி. எல்லைக் கோடு அடுப்புச் சாம்பல். சட்டையில் எங்கள் கிராமத்தின் பெயர். நாங்கள் போக முடியாத, பார்க்க முடியாத ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டு இன்னொரு ஊரின் மண்ணில் ஆடினோம். அந்தப் பெயரை விட்டுவிட்டு வசதியான ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ ஒருவர் ஒருமுறை சொன்னார். அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. எழும்பிப் போய்விட்டார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. விம்பிள்டன் ரசிகர்கள் மேல் ஒருவரும் குண்டு போடவில்லை. அவர்கள் வீடு இழக்கவில்லை, உறவு இழக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்தால் எங்கள் இறந்தவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். ஆனால் 2002 தொடக்கம் 2020 வரை இந்தக் கழகம் பக்கத்து நகரமான கிங்ஸ்டனில், கிங்ஸ்மெடோ என்ற சின்ன மைதானத்தில், விம்பிள்டன் என்ற பெயரைப் போட்டுக்கொண்டுதான் ஆடியது என்று அறிந்தபோது, அந்தச் சாம்பல் கோடு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஊர் என்றால் என்ன, பெயர் என்றால் என்ன என்று இந்த வெள்ளைக்காரருக்கு விளங்கியிருக்கிறது.

அங்கிருந்து அவர்கள் ஏறிய ஏற்றத்தைப் பாருங்கள். அடித்தட்டு லீக்கில் தொடங்கினார்கள். 2003 பெப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இங்கிலாந்தின் சீனியர் உதைபந்தாட்டத்தில் அது ஒரு சாதனை. 2004, 2005, 2008, 2009 என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள். 2011 மே 21ஆம் திகதி மான்செஸ்டரில் லூட்டனோடு கோல் இல்லாத இறுதி ஆட்டம், பெனால்டியில் 4-3. தொடங்கி ஒன்பது வருடத்தில் மறுபடியும் தேசிய லீக்குக்குள். 2016இல் வெம்ப்ளியில் பிளிமத்தை 2-0 என்று வென்று மூன்றாம் பிரிவு. 2020 நவம்பர் 3ஆம் திகதி, பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நாய் ஓட்டப் பந்தயம் நடந்த இடத்தில் கட்டிய புதுப் பிளவ் லேனுக்குத் திரும்பி வந்தார்கள். இருபத்தொன்பது வருடம் காத்திருந்து வந்த முதல் ஆட்டத்துக்கு, கொரோனாவினால் ஒரு ரசிகரும் உள்ளே போக முடியவில்லை. மைதானத்தைக் கட்டி முடிக்கப் பணம் போதாமல் போனபோது ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி ஐம்பது லட்சம் பவுணுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் வீட்டில் இருந்து கணினியில் பார்த்தார்கள்.

நான் இந்தக் கழகத்துக்கு வந்தது பந்தைப் பார்த்து இல்லை. அரிசிப் பையால் வந்தேன்.

2020 ஏப்ரலில் எனக்கு வேலை இல்லை. மனைவிக்குக் காய்ச்சல். மகளுக்கு எட்டு வயது. அந்த நாட்களில் விம்பிள்டன் ரசிகர்கள் சேர்ந்து ஒரு தொண்டர் குழுவைத் தொடங்கியிருந்தார்கள். சூப்பர் மார்க்கெற் வாசல்களில் மேசை போட்டு நின்று, வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் உணவுப் பொருள் சேர்த்து, தேவையான வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாரோ எங்கள் பெயரையும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் மணி அடித்தது. வாசலில் ஒரு பெட்டி. ஆறடி தள்ளி, மஞ்சள் நீலச் சால்வை கட்டிய ஒரு மனிதர். பெட்டியில் பாஸ்தா, தக்காளிச் சோஸ், அவரை ரின், ஒரு சின்னப் பை அரிசி. நன்றி சொன்னேன். அவர் போகாமல் நின்று, "நீங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கிழமை வந்த பெட்டியில் ஐந்து கிலோ அரிசி, மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப் பால் ரின் இரண்டு. ஒரு பேப்பரில் "இது சரியான பருப்பா?" என்று எழுதி ஒட்டியிருந்தார்.

சரியான பருப்புத்தான்.

மைதானம் திறந்தவுடன், 2021 ஓகஸ்ட்டில், மகளைக் கூட்டிக்கொண்டு அந்த மனிதரைத் தேடிப் போனேன். அப்படித்தான் எங்கள் முதல் சீசன் தொடங்கியது. அது கழகத்தின் மிக மோசமான சீசனாக முடிந்தது. டிசம்பருக்குப் பிறகு ஒரு லீக் ஆட்டமும் வெல்லவில்லை. 27 ஆட்டங்கள். நான்காம் பிரிவுக்கு விழுந்தோம். அடுத்த சீசன் அங்கேயும் 21ஆம் இடம், இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தால் லீக்கை விட்டே வெளியே. மகள் ஒருநாள் காரில் வரும்போது, "அப்பா, நாங்கள் வந்ததாலதான் தோற்கினமா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். "அப்ப அடுத்த கிழமையும் போவமா?" என்றாள். அந்த இரண்டு வருடமும் நாங்கள் போன பாதை அவளுக்கு எந்தப் பாடசாலையும் சொல்லிக்கொடுக்க முடியாத பாடம் என்று நினைக்கிறேன். வெல்கிற பக்கம் போய் நிற்பது எவருக்கும் சுலபம். தோற்கிற இடத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நின்றவளுக்குத்தான் மே 26 அந்த அளவுக்கு இனித்தது.

இந்த ஏற்ற சீசனிலும் எல்லாம் நன்றாகப் போனது என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டெம்பரில் ஒரு இரவு கொட்டிய மழைக்கு வாண்டில் ஆறு கரை உடைத்து மைதானத்துக்குள் வந்தது. உங்களில் பலர் காலை நடை போகிற அதே வாண்டில்தான். புல்லுக்குக் கீழே தரை உள்வாங்கி, மைதானத்தின் ஒரு மூலை கிணறு மாதிரிப் பிளந்து கிடந்தது. நியூகாசில் யுனைடெட் இங்கே வந்து ஆட வேண்டிய லீக் கிண்ண ஆட்டம், வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆட்டம், வேறு வழியில்லாமல் அவர்களுடைய மைதானத்துக்கே போனது. 1-0 என்று தோற்றோம். பல வாரம் சொந்த மைதானத்தில் ஆட முடியவில்லை. திருத்த வேலைக்கு ரசிகர்கள் உண்டியல் குலுக்கினார்கள். ஒரு லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. நியூகாசிலும் 15,000 பவுண் கொடுத்தது. பயிற்சியாளர் ஜொனி ஜாக்சனும் அவருடைய பெடியன்களும் மைதானம் இல்லாமல் அலைந்த அந்த நாட்களில் அணி சரியும் என்று நான் பயந்தேன். சரியவில்லை. கிறிஸ்டல் பலஸிலிருந்து இரவலாக வந்த இளம் கோல் காப்பாளர் ஓவன் குட்மன் ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் விடாமல் நின்றார். 2016இல் வெம்ப்ளியில் ஆடிய ஜேக் ரீவ்ஸ் ஒன்பது வருடம் கழித்து மறுபடியும் அதே வெம்ப்ளியில், அதே சட்டையில். பெரிய விலை கொடுத்து வாங்கிய ஒரு நட்சத்திரமும் இல்லை. ஒரு கோல் அடிப்பது, அதைக் காப்பது. வருடம் முழுக்க இதுதான் நடந்தது. பார்க்க அழகான ஆட்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதும்.

எங்களை விட்டுப் போய் மில்ட்டன் கீன்ஸில் வைக்கப்பட்ட கழகமும் 2024-25 சீசனில் இதே நான்காம் பிரிவில்தான் இருந்தது. செப்டெம்பரில் பிளவ் லேனில் 3-0 என்று வென்றோம். 2025-26 சீசனில் அவர்களை விட நாங்கள் ஒரு பிரிவு மேலே. எனக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய ரசிகர்கள் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. "அவர்களைப் பற்றி நினைக்காமல் ஒரு வருடம் இருக்கலாம்" என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

இனி, நீங்கள் சொல்கிற மறுப்புகள். எல்லாவற்றையும் நான் வீடுகளில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"உதைபந்தாட்ட மைதானம் எங்களுக்குப் பாதுகாப்பான இடமில்லை." எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்த பெரியவர்களுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. சனிக்கிழமை பின்னேரம் ரயிலில் ஏறப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்த நாலு வருடத்தில் ஒரு தடவை வெளியூர் ரசிகர் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கூடாத வார்த்தை சொன்னார். நான் வாய் திறக்க முன்னமே எங்கள் பக்கத்து ஆட்கள் எழும்பி மைதானக் காவலரைக் கூப்பிட்டு அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு அம்மா தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் நடந்தது அது. மற்ற நாட்கள் எல்லாம் வேறு.

"பந்தடித்து என்ன வரப்போகிறது, படிப்புக் குழம்பும்." ஆட்டம் பார்க்கப் போவதற்கும் ஆட்டக்காரராவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, அதை விடுங்கள். ஆட்டக்காரரானாலும் என்ன? வேல்ஸில் வளர்ந்த, இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை விமல் யோகநாதன் இன்றைக்கு பார்ன்ஸ்லி கழகத்தின் நடுக்கள வீரர். பார்ன்ஸ்லி மூன்றாம் பிரிவில் இருக்கிறது. நாங்களும் இப்போது மூன்றாம் பிரிவு. அதாவது 2025-26 சீசனில் பார்ன்ஸ்லி பிளவ் லேனுக்கு வந்து ஆடும். எஃப்ரா ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு தமிழ்ப் பிள்ளை இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கில் ஆடுவதை எங்கள் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். அன்றைக்கு நான் விம்பிள்டன் வெல்ல வேண்டும் என்றுதான் கத்துவேன். அவர் களத்தில் இருந்தால் அவருடைய பெயரைச் சொல்லும்போது கை தட்டவும் செய்வேன்.

"சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை." இதுதான் உண்மையான சிக்கல். மற்றதெல்லாம் கதைத்துத் தீர்க்கலாம். எங்கள் பிள்ளைகள் தமிழ் படிப்பதும் சனிக்கிழமை, பெரும்பாலான ஆட்டமும் சனிக்கிழமை மூன்று மணி. தமிழை விட்டுவிட்டுப் பந்துக்கு வாருங்கள் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். என் மகள் தமிழ் வகுப்பை முடித்துக்கொண்டு பாடசாலைப் பையோடு மைதானத்துக்கு வருகிறவள். பாடசாலை நிர்வாகிகளிடம் கேட்பது இதுதான்: ஒரு தவணையில் ஒரே ஒரு சனிக்கிழமை, வகுப்பை ஒரு மணிக்கு முடித்து, பிள்ளைகளைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெற்றோரும் வரட்டும். முடியாவிட்டால் செவ்வாய் இரவு ஆட்டங்கள் இருக்கின்றன, விளக்கு வெளிச்சத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடிக்கும். கழகத்தோடு கதைத்து ரிக்கெற் ஒழுங்கு பண்ணுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கழகத்துக்குப் பெண்கள் அணி இருக்கிறது. என் மகள் வயதுப் பிள்ளைகள் சட்டை போட்டுக்கொண்டு அதைப் பார்க்கப் போகிறார்கள். எங்கள் ஊர் விளையாட்டு விழாக்களில் பெண் பிள்ளைகளுக்கு இன்னமும் சங்கீதக் கதிரைதான் வைத்திருக்கிறோம். அதைப் பற்றி இன்னொரு மடல் எழுத வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர் ஒன்றியங்களுக்கும் ஒரு தனி வேண்டுகோள். ஒவ்வொரு கோடையிலும் நீங்கள் லண்டனில் உதைபந்தாட்டப் போட்டி நடத்துகிறீர்கள். கொத்துரொட்டிக் கடை, ஒலிபெருக்கி, மழை வந்தாலும் கலையாத கூட்டம். அவ்வளவு பந்துப் பைத்தியம் எங்களிடம் இருக்கிறது. அந்தப் போட்டிகளை நடத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு கழகத்தை நடத்துவது என்றால் என்ன என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஏ.எவ்.சி. விம்பிள்டனின் பெரும்பான்மைப் பங்கு ஒரு தனி முதலாளியிடம் இல்லை. டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்திடம் இருக்கிறது. சந்தா கட்டுகிற யாரும் அங்கத்தவர். அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு, பணக்காரருக்கும் ஒன்று, பஸ் ஓட்டுநருக்கும் ஒன்று. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் நடந்த அதே மாதிரி. பொதுக்கூட்டத்தில் சண்டையும் அதே மாதிரி நடக்கும், கணக்கறிக்கையில் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்பார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஏறியதும் செலவு கூடும், பெரிய பணக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் கூடும். ஒருமுறை கழகம் எப்படிப் பறிபோனது என்று தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வயதாகிறது. எனக்கு முன்வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தவர் போன்றவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பிறகு கை தூக்கப் போகிறவர்கள் இந்த ஊரில் இப்போது பிறந்து வளர்கிற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று பக்கத்துப் பாடசாலை வாசலில் மூன்றரை மணிக்குப் போய் நின்று பாருங்கள்.

அந்த அரிசிப் பைக்காரர் இந்த வருடம் வெம்ப்ளிக்கு வரவில்லை. முழங்கால் சத்திரசிகிச்சை. நாங்கள் திரும்பி வந்து, ஸ்டேஷனிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனோம். மனைவி கட்டித் தந்த வடையும் ஒரு போத்தல் பருப்புக் கறியும் கொண்டுபோனோம். அவர் கதவைத் திறந்து ஒன்றும் பேசாமல் மகளைக் கட்டிப் பிடித்தார். தொலைக்காட்சியில் கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம், எட்டுத் தடவை.

2025 ஓகஸ்ட்டில் சீசன் தொடங்குகிறது. லூட்டன், கார்டிஃப் என்று அண்மையில் பிரிமியர் லீக்கையே பார்த்த கழகங்கள் எல்லாம் பிளவ் லேனுக்கு வருகின்றன. பிளவ் லேனில் நடக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னால் ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் நிற்போம். மஞ்சள் நீலச் சால்வை கட்டியிருப்போம், தமிழில் கதைத்துக்கொண்டிருப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று சால்வை கூடுதலாகக் கையில் வைத்திருப்போம். கோயிலுக்குப் போகிற அந்த ஐயாவையும் யாராவது கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு நான் ஒரு ரிக்கெற் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பிளவ் லேனில் சேர்ந்து உட்காருகிற சில தமிழ்க் குடும்பங்களின் சார்பில்,
விம்பிள்டன், ஜூலை 2025